இ.எஸ்.ஐ.யா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையா?

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைப்பவரிடம் காப்பீடு பற்றிக் கேட்டால், "அட்டை இருக்குங்க" என்பார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குப் பிரீமியமே இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. இதய அறுவைக்குப் பெரும் துணைதான். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க உதவாது. படுத்த நாளுக்குக் கூலியும் வராது.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இரண்டும் உண்டு. மாதம் 21,000 வரை வாங்குபவரிடம் 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி 3.25 கட்டுவார். ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால், நோயில் படுத்தாலும் 70 சதவீதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை. 10 பேராவது வேலை செய்யும் கம்பெனி, பீஸ் ரேட்டுக்காரரையும் சேர்த்தாக வேண்டும். அங்கிருப்பவர்கள் அட்டையோடு நின்றுவிடாமல் இதைக் கேட்டு வாங்குங்கள். தள்ளுவண்டிக்காரருக்கு முதலாளியே இல்லை. அவருக்கு அட்டைதான் வழி.