ரிட்டர்ன் பம்ப்: மூன்று வருஷக் கதை

என் கடல்நீர் மீன் டேங்க் 300 லிட்டர். கீழே கேபினெட்டுக்குள் சம்ப், அதாவது டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் சுத்தமாகும் சின்னத் தொட்டி. அங்கிருந்து தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவதுதான் ரிட்டர்ன் பம்ப். முதலில் வாங்கிய ஏசி (வீட்டுக் கரண்டில் நேரடியாக ஓடும்) பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. டேங்கைப் போல் பத்து மடங்காச்சே, தாராளம் என்று நினைத்தேன். மாட்டிய பிறகு ரிட்டர்ன் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துப் பார்த்தால், 10 லிட்டர் நிறைய 24 வினாடி. அதாவது மணிக்கு 1500. பெட்டியில் இருப்பது தண்ணீரை மேலே ஏற்றாதபோது வரும் அளவு. ஒன்றரை மீட்டர் ஏற்றமும், மூன்று எல்போவும், பம்ப் வாயைவிடச் சிறுத்த பைப்பும் பாதியைத் தின்றுவிட்டன. நல்லவேளை, டேங்க் தண்ணீர் மணிக்கு ஐந்து முறை சம்ப் வழியாகச் சுற்றி வந்தாலே போதும். டேங்குக்குள் நீரோட்டத்துக்குத் தனி வேவ்மேக்கர் இருக்கிறது.

ஓடும்போது எவ்வளவு தருகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தவன், நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஒரு ராத்திரி கரண்ட் போனது. இருட்டில் எழுந்து நடந்தால் காலடியில் சளசளவென்று தண்ணீர். ரிட்டர்ன் பைப்பின் முனையை டேங்கில் 8 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன். பம்ப் நின்றதும் அதே பைப் வழியாகத் தண்ணீர் சைஃபன் போட்டு இறங்கியிருக்கிறது. 120க்கு 50 செ.மீ. டேங்கில் ஒரு செ.மீ. இறங்கினாலே 6 லிட்டர்; மொத்தம் 48. சம்பில் காலியிடம் 30தான். மீதியைத் துண்டு வைத்துத் துடைத்தேன்.

மறுநாளே முனையை 2 செ.மீ.க்கு உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் சின்ன ஓட்டை போட்டேன்; மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து சைஃபன் நின்றுவிடும். அந்த ஓட்டையையும் ஒருமுறை குட்டி நத்தை ஒன்று அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது! மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிட்டு, பம்பை நிறுத்தியும் பார்க்கிறேன். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை நம்புவதில்லை. சுண்ணாம்பு படிந்தால் சரியாக மூடாது.

இரண்டாவது வருஷம், சத்தம் தாங்காமல் டிசி பம்ப் வாங்கினேன். கூடவே வரும் கன்ட்ரோலர் பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தீனி போடும்போது பத்து நிமிஷம் நிறுத்தலாம். அடியில் சிலிக்கான் பாய், பைப்போடு சேருமிடத்தில் வளையும் ஹோஸ் போட்டதும் அதிர்வும் அடங்கியது. பதினான்காவது மாதம் கன்ட்ரோலர் செத்தது. சம்புக்கு நேர் மேலே மாட்டியது என் தப்பு. பிரித்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கன்ட்ரோலர் இல்லாமல் ஓடாது.

அன்று கைகொடுத்தது பழைய ஏசி பம்ப்தான். வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, உள்ளே சுழலும் இம்பெல்லரைத் தேய்த்து எடுத்து வைத்திருந்தேன். புதுக் கன்ட்ரோலர் வரும்வரை ஒன்பது நாள் கரகரத்துக்கொண்டே ஓடியது. இப்போது கன்ட்ரோலர் கேபினெட்டுக்கு வெளியே, சுவரில்.