சாவியை அணைத்த பிறகு: காருக்கு ராஸ்பெரி பையா, அன்ட்ரொயிட் செட்டா?

என் விட்ஸ் காரில், பாட்டுக்கும் வரைபடத்துக்குமாக, ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையைப் பொருத்தி ஒன்றேகால் வருடமாகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நிற்கும் சித்தப்பாவின் காருக்கு ஒரு சீன அன்ட்ரொயிட் செட் (டாஷ்போர்டில் பொருத்தும் தொடுதிரை வானொலி) போட்டார்கள். சித்தப்பா கனடாவில் இருப்பதால் அந்தக் காரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு சாதனங்களோடும் பழகிவிட்டதால், எதைப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் பையின் பக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

ஜப்பானிலிருந்து வந்த காரின் பழைய செட்டோடு வாழ்வது எவ்வளவு சிரமம் என்று இங்கே பலருக்கும் தெரியும். திரையில் ஜப்பானிய எழுத்து, வரைபடத்தில் ஜப்பானின் தெருக்கள், பண்பலையோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நமது நிலையங்கள் 108 வரை பரந்திருப்பதால், அலைவரிசையை மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றை இடையில் வைக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பதுதான் மலிவான வழி. சித்திரை வெயிலில் அது சூடேறித் தானாக நின்றுவிடுவதைப் பார்த்த பிறகு அந்த யோசனையைக் கைவிட்டேன்.

திரையின் அழகு, வானொலி, ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள், பின்பக்கக் கமரா ஆகிய நான்கிலும் அன்ட்ரொயிட் செட்டே மேல். குறிப்பாகக் கமரா. ரிவர்ஸ் கியர் போட்டதும் படம் வரவேண்டும் என்றால் பையைப் பற்றி யோசிக்காதீர்கள். என்னுடையது எழுந்து முதல் திரையைக் காட்ட அரை நிமிடம் எடுக்கிறது. அதற்குள் நான் படலையைத் தாண்டி வீதிக்கு வந்துவிடுவேன். விலையிலும் பெரிய இலாபம் இல்லை. பலகை, ஏழு அங்குலத் தொடுதிரை, மின்மாற்றும் பலகை, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஜி.பி.எஸ். எல்லாம் சேர்ந்து செட்டின் விலையைத் தொட்டுவிட்டன.

பிறகு ஏன் பை? என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கேள்வி: சாவியை அணைத்த பிறகு அந்தச் சாதனம் என்ன செய்கிறது? வாங்கும்போது எவரும் இதைக் கேட்பதில்லை. கடையில் திரையைத் தொட்டுப் பார்க்கிறோம், பாட்டைப் போட்டுக் கேட்கிறோம், பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அன்ட்ரொயிட் செட் பெரும்பாலும் அணைவதில்லை, உறங்குகிறது. மஞ்சள் வயர் வழியே பற்றரியிலிருந்து சிறிது மின்சாரத்தை எப்போதும் உறிஞ்சிக்கொண்டிருப்பதால்தான் சாவி போட்ட இரண்டு விநாடிகளில் விழித்துவிடுகிறது. தினமும் ஓடும் காருக்கு இது பொருட்டே இல்லை. நின்றுகிடக்கும் காருக்கு இதுவே நஞ்சு. சித்தப்பாவின் காரில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன்: செட் மட்டும் 40 மில்லி ஆம்பியர், காரின் மற்ற உறுப்புகள் 20. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 1.44 ஆம்பியர் மணி. அவருடைய பற்றரியோ 35 ஆம்பியர் மணிதான். பதினைந்து நாட்களில் பாதிக்கு மேல் போய்விடும். மீதியில் ஸ்டார்ட்டர் சுற்றாது. ஈயப் பற்றரி இப்படி வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று படிந்து, மறுபடி சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. எங்களுக்கு ஒரு பற்றரி அப்படித்தான் போனது. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் வெளிநாட்டு உறவினரின் கார் சீலை போர்த்தியபடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பையின் நோய் இதற்கு நேர்மாறானது. அதற்கு உறங்கத் தெரியாது. சாவி போட்டிருக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி வயரிலிருந்து நேரடியாகக் கொடுத்தால், சாவியை அணைத்த கணத்தில் அதன் உயிர் போகும். மெமரி கார்டில் ஏதேனும் எழுதிக்கொண்டிருந்த வேளையாக இருந்தால் கோப்புகள் சிதையும். என் ஓட்டமெல்லாம் சிறு ஓட்டம்: திருநெல்வேலிச் சந்தை, வெதுப்பகம், பிள்ளைகளின் ரியூஷன். ஒரே மாலையில் எட்டுத் தடவை சாவி போட்டு அணைக்கிறேன். முதல் இரண்டு மாதங்களில் இரண்டு கார்டுகள் அப்படிப் பழுதாயின.

இதைத் தீர்க்க நான் செய்தது இதுதான். மஞ்சள் வயரில், பற்றரிப் பக்கமாக 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று; அதன் பின் ஒரு ரிலே; அதன் பின் 12 வோல்ட்டை 5.1 ஆக்கும் பலகை. சாவி போட்டதும் ஏசிசி மின்சாரம் ரிலேயை மூடி மின்சுற்றை இணைக்கிறது. பை எழுந்ததும் தன் இணைப்பு ஊசி (பின்) ஒன்றின் வழியாக, டிரான்சிஸ்டர் உதவியோடு, அதே ரிலேயைத் தானும் பிடித்துக்கொள்கிறது. சாவியை அணைத்தால் ஏசிசி விட்டுவிடும், ஆனால் பை இன்னும் பிடித்திருக்கும். ஏசிசி போய்விட்டது என்பதை ஓப்டோகப்ளர் (ஒளி மூலம் சைகை கடத்தும் சிறு துண்டு) ஒன்று பைக்கு அறிவிக்கிறது. அது எல்லாவற்றையும் எழுதி முடித்து, ஒழுங்காக நின்று, கடைசியாகப் பிடியை விடுகிறது. அதன் பிறகு பற்றரியிலிருந்து போகும் மின்சாரம் பூச்சியம். பூச்சியம் என்றால் என் மீட்டரில் உண்மையாகவே பூச்சியம்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஸ்டார்ட் செய்யச் சாவியை முழுதும் திருப்பும்போது பெரும்பாலான கார்களில் ஏசிசி ஒரு கணம் அறுந்துவிடும். பையோ, கார் அணைந்துவிட்டது என்று நினைத்துத் தன்னை மூடத் தொடங்கும். ஆகவே பத்து விநாடி பொறுத்துப் பார்த்த பின்னரே முடிவெடுக்கும்படி நிரலில் எழுதியிருக்கிறேன். தீராத குறை ஒன்றும் உண்டு. அந்தப் பத்து விநாடி கடந்து பை மூடிக்கொண்டிருக்கும் வேளையில் மறுபடி சாவி போட்டால், அது நின்ற நிலையிலேயே இருந்துவிடும். இன்னொரு முறை அணைத்துப் போட வேண்டும். மாதத்தில் ஓரிரு தடவை நடக்கிறது.

இதற்கு மேல் ஒரு காப்பாக, மெமரி கார்டை வாசிப்பதற்கு மட்டும் என்று பூட்டிவிட்டேன். ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே அதற்கான வசதி இருக்கிறது. பாட்டுகளும் முன்கமராவின் பதிவுகளும் தனியாக ஒரு பென் டிரைவில். பை 4இல் கடிகாரத்துக்கென்று பற்றரி கிடையாது. இணையமும் இல்லாவிட்டால், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைப் பிடிக்கும்வரை பதிவுகளில் தேதி பிழையாகவே விழும். பழைய செட்டுக்கு ஒலியைக் கொடுக்க 3.5 மில்லிமீற்றர் துளை தேவைப்பட்டது. பை 5இல் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் 4ஐ வாங்கினேன்.

பலகையை டாஷ்போர்டின் மேல் வைக்காதீர்கள். சுற்றுப்புறம் 50 பாகை வரையில்தான் பை 4க்கு அனுமதி. நிழலில்லாமல் நிறுத்திய காரில் கண்ணாடிக்குக் கீழே வெப்பம் அதைத் தாண்டும். என்னுடையது பயணி இருக்கைக்குக் கீழே, அலுமினியக் கூட்டுக்குள் இருக்கிறது. 5 வோல்ட் வயரைக் குட்டையாகவும் தடிப்பாகவும் போடுங்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி தோன்றும். மெல்லிய வயரால் எனக்கு அது அடிக்கடி வந்தது.

பழுதுபார்ப்பும் என்னைப் பையின் பக்கம் இழுத்தது. எல்லாம் தனித்தனித் துண்டுகள். கார்ட் போனால் கார்ட், மின்பலகை போனால் மின்பலகை. வீட்டு மேசையில் இன்னொரு கார்டில் முழு நகல் வைத்திருக்கிறேன், மாற்ற ஐந்து நிமிடம். சித்தப்பாவின் செட்டில் தொடுதிரையின் ஒரு மூலை வேலை செய்யாமல் போனபோது, கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள் என்றார்கள்.

எதைப் போட்டாலும் காரின் அசல் வயர்களை வெட்டாதீர்கள். பொருந்தும் சொக்கட்டு வாங்கிச் சொருகுங்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய காரும் ஒரு சொத்து என்பதை எல்லோரும் உணர்ந்தோம். வாங்க வருபவர் டாஷ்போர்டைத் திறந்து டேப் சுற்றிய வயர்களைக் கண்டால் விலையைக் குறைப்பார்.

ஹைபிரிட் கார்களில் நான் வயர் தொட்டதில்லை, ஆகவே மேலே சொன்ன ரிலே முறையை அங்கே அப்படியே செய்யும்படி சொல்லமாட்டேன். என் பை ஒரே ஒரு தடவைதான் ஏ9 வீதி வழியே கொழும்புவரை போய் வந்திருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அது எப்படி என்று தீர்ப்புச் சொல்ல அந்த ஒரு பயணம் போதாது.

சித்தப்பாவின் காரிலிருந்து அன்ட்ரொயிட் செட்டைக் கழற்றவில்லை. அவருக்குப் பின்கமரா வேண்டும், பையை நுணுக்கிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. மஞ்சள் வயரில் மட்டும் ஒரு சுவிட்ச் வைத்துக்கொடுத்தேன். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது அதை அணைத்துவிடச் சொன்னேன். நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு வந்தவர் முதல் திருப்பலிலேயே காரைக் கிளப்பினார். செட் எழும்ப முக்கால் நிமிடம் எடுத்தது. வானொலி நிலையங்களைத் திரும்பவும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேமித்தோம்.