பள்ளி நிதிக்கு வந்த நன்கொடைப் பொருள்கள்: மேடை ஏலமா, மேசை ஏலமா, குலுக்கலா?

நன்கொடைப் பொருள்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே முறையில் விற்க நினைத்தால், வர வேண்டிய பணத்தைக் கோட்டைவிடுவோம். ஒவ்வொரு பொருளாக எடுத்து, "இதை எத்தனை பேர் விரும்புவார்கள்?" என்று பாருங்கள். எப்படி விற்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மேடையில் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவும் ஏலம்தான் விறுவிறுப்பு. ஆனால் ஒருவருக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லையென்றால் விலை தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது ஆள் எங்கே விலகுகிறாரோ, அதற்குச் சற்று மேலேதான் பொருள் போகும். அதனால் இரண்டு மூன்று பேராவது விடாமல் மோதக்கூடிய பொருளுக்கு மட்டும் மேடை: பிரபல வீரர் கையெழுத்திட்ட மட்டை, யாரோ விட்டுத்தரும் விடுமுறை வீடு மாதிரி. பொருளுக்கு 3 நிமிடம் என்றாலும் 40 பொருளுக்கு 2 மணி நேரம். அதுவரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? எட்டு, பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மற்ற நல்ல பொருள்கள் மேசைக்குப் போகட்டும். பொருளுக்கு முன்னால் ஒரு தாள். வேண்டியவர்கள் தொகையை எழுதிவிட்டுப் போவார்கள். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். கூட்டத்தில் கை தூக்கக் கூச்சப்படுபவரும் இதில் கேட்பார். பெயருக்குப் பதில் ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டால் யார் எவ்வளவு கேட்டார் என்ற பேச்சே எழாது. தொடக்க விலையைச் சந்தை விலையில் பாதிக்கும் கீழே வையுங்கள். முதல் வரி காலியாகக் கிடக்கும் தாளை யாரும் தொடத் தயங்குவார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதையும் தாளிலேயே அச்சிடுங்கள், இல்லையென்றால் ஒன்றிரண்டாகத்தான் ஏறும். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் மூடாமல் 10 நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக மூடினால், ஒன்றில் தோற்றவர் அடுத்த மேசைக்குப் பணத்தோடு போவார். செல்போனில் நடத்துவதென்றால், கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்படி அமையுங்கள்.

மூடிய உறையில் தொகை எழுதி வாங்குவதும் உண்டு. அதில், ஜெயித்தால் எழுதியதைக் கட்ட வேண்டுமே என்று எல்லோரும் குறைத்தே எழுதுவார்கள். ஜெயித்தவர் இரண்டாவது பெரிய தொகையைக் கட்டினால் போதும் என்றால் மனதில் இருப்பதைத் தயங்காமல் எழுதலாம் என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரே 1961-இல் காட்டினார். அழகான யோசனைதான், ஆனால் பள்ளி விழாவில் அதை விளக்கவே நேரம் போய்விடும்.

எல்லோருக்கும் ஓரளவு பிடிக்கும், யாரும் உயிரை விடமாட்டார்கள் என்கிற பொருளுக்குக் குலுக்கல். சின்னத் தொகை, நிறையக் கைகள். பல நாடுகளில் இதைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் பார்ப்பதால், சீட்டு அச்சிடும் முன் அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள். கடைப் பரிசுக் கூப்பன்களுக்கு அதன் மதிப்புக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். நான்கைந்தை ஒரே கூடையாகக் கட்டிக் குலுக்கலில் போட்டுவிடலாம்.

மிகவும் யோசிக்க வேண்டியது, வகுப்பே சேர்ந்து வரைந்த ஓவியம். மேடையில் வைத்தால் நல்ல பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் வசதியான இரண்டு குடும்பங்கள் மோத, அதே ஓவியத்தில் கைப்பதிவு வைத்த மற்ற பிள்ளைகளின் பெற்றோர் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். அதை நகலெடுத்து, எல்லோரும் வாங்கக்கூடிய ஒரே விலைக்கு விற்கலாம். மூல ஓவியம் வகுப்பறைச் சுவரிலேயே இருக்கட்டும்.