31 இலட்சம் போச்சு: பழைய பென்ஸ் வாங்கப்போறவை வாசியுங்கோ

கோபத்தில எழுதுறன், எழுத்துப்பிழை கிடந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. 31 இலட்சம் ரூபா. சேமலாப நிதியில வந்த காசு முழுக்க அதுக்குள்ள, மனிசி சீட்டுப் பிடிச்சுச் சேத்ததும் அதுக்குள்ள. அந்தக் காசுக்கு இப்ப எங்கடை போட்டிக்கோவில ஒரு கார் நிக்குது. றோட்டில ஓட ஏலாது, என்ரை பேருக்கு மாத்த ஏலாது, குடுத்தவனிட்டைத் திருப்பிக் குடுக்கவும் ஏலாது.

பேர் சொல்லமாட்டன், சட்டத்தரணி மறிச்சுப்போட்டார். பழைய கார்களை வாங்கித் திருத்தி, பெயின்ற் அடிச்சு விக்கிற இடம், யாழ்ப்பாணத்துக்குள்ளதான். விளம்பரம் பாத்தது வாகனம் வாங்கி விக்கிற ஒரு இணையத்தளத்தில. விளங்கிறவைக்கு விளங்கும். என்னென்ன பாத்து வாங்கவேணும் எண்டு கடைசியில விபரமா எழுதுறன், அதுக்கு முதல் நடந்ததைக் கேளுங்கோ.

எங்கடை ஊருக்குப் பழைய கார் புதினமில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் ஏ40உம் ஹயர் ஓடின ஊர். தொண்ணூறுகளில பெற்றோல் வரவிடாமத் தடை போட்டிருக்கேக்கை காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள் நாங்கள். கார்ப் பைத்தியம் எனக்கு அந்தப் புகையோடை வந்தது. கலியாண ஓட்டத்துக்கு விடுவம், கிழமையில ஒருநாள் நாங்களும் ஓடுவம் எண்டுதான் பென்ஸ் தேடினன். இப்ப மாப்பிளை பொம்பிளை எல்லாரும் படம் எடுக்கப் பழைய கார்தானே கேக்கினம். 2020இல இறக்குமதியை நிப்பாட்டினதோடை பழைய வாகனமெல்லாம் ஆனைவிலை. 2025 பெப்ரவரியில திறந்துவிட்டும் வரியோடை பாத்தா எங்களுக்கு எட்டாது.

விளம்பரத்தில கிடந்தது இதுதான்: மேர்சிடிஸ் பென்ஸ் 240 டி, 1979, டீசல், ஸ்ரீ நம்பர், ஒறிஜினல், டாக்குத்தர் ஒருத்தர் பாவிச்சது. பக்கத்தில பச்சைச் சரியடையாளம் ஒண்டு, நம்பிக்கையான விற்பனையாளராம். (ஸ்ரீ நம்பர் எண்டால் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், அதுக்கு இப்ப தனி விலை. ஐம்பதுகளில இதே எழுத்துக்குத் தார் பூசின ஊரில ஸ்ரீ நம்பர் எண்டு சொல்லிக் கூடக் காசு கேக்கிறாங்கள், நாங்களும் குடுக்கிறம்.)

கார் டபிள்யூ123, பென்ஸ்காரர் அந்த மொடலுக்கு வைச்ச பேர். 1976இல வந்தது. முன்னுக்கு ரெண்டு பக்கமும் வட்டமா ரெண்டு ரெண்டு லைற், குறோம் பம்பர், கதவு சாத்தினா அந்தக் கனத்த சத்தம். கிட்டத்தட்ட 27 இலட்சம் கார் செய்தவங்கள் இந்த மாதிரியில. ஆபிரிக்காவில கனகாலம் ராக்சியா ஓடினது. எனக்கெண்டு வாய்ச்சது இது.

இனித்தான் விசயம். காரை விக்கிற அந்தப் பெடியன் என்னட்டைக் காசு கேக்கேல்லை. நான் அற்வான்ஸ் எண்டு அஞ்சு இலட்சத்தைக் கொண்டுதான் போனன். “என்ன அண்ணை அவசரம், வையுங்கோ. முதல்ல காரைக் கொண்டு போங்கோ. அக்காவுக்குக் காட்டுங்கோ. இரவு உங்கடை வீட்டில நிக்கட்டும். பிடிச்சாக் காலமை கதைப்பம், பிடிக்கேல்லை எண்டாத் திறப்பைத் தந்துவிடுங்கோ.” சொல்லிக்கொண்டு திறப்பை என்ரை கைக்குள்ள வைச்சுப் பொத்திவிட்டான். நேரம் பின்னேரம் ஆறு தாண்டிப்போச்சு. அதையும் கவனியுங்கோ. இருட்டில ஆர் காருக்குக் கீழ குனிஞ்சு பாக்கிறது?

உப்பிடிக் காரைத் தாறவன் கள்ளனா இருப்பானெண்டு ஆர் நினைப்பினம்? இப்ப யோசிக்கத்தான் விளங்குது, அவன் விக்கிறதே அந்த ஒரு இரவைத்தான். கார் கேற்றுக்குள்ள வந்த உடனை மாமி பின் சீற்றில ஏறி இருந்திட்டா, இறங்கவே இல்லை. பக்கத்து வளவுக்காரர் மதிலால எட்டிப் பாத்து “என்ன, பென்ஸே?” எண்டு கேக்கினம். மகள் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்ப, மச்சான் அங்கை காலமை எழும்பின கையோடை “விடாதேங்கோ அத்தான், வாங்குங்கோ” எண்டு வொய்ஸ் போடுறான். மனிசி வாங்காத காருக்கு நாலு ரயருக்கும் தேசிக்காய் வைச்சுப்போட்டா. இனிக் காலமை எந்த முகத்தோடை திறப்பைத் திருப்பிக் குடுக்கிறது? அவனுக்கு அது நல்லாத் தெரியும். வந்து தேத்தண்ணி குடிச்சான், மாமியின்ரை சுகம் விசாரிச்சான், போறபோக்கில வவுனியாவில இருந்து ஒராள் பாக்க வாறார் எண்டான். 34 சொன்னவன் 31க்கு இறங்கினான். அண்டைக்குப் பின்னேரமே 31 இலட்சமும் அவன்ரை கணக்குக்குப் போட்டுது.

ஒரு விசயம் முதல் நாளே உதைச்சது. திறப்பைத் திருப்பினா எஞ்சின் நிக்காது. டாஷ்போட்டுக்குக் கீழ ஒரு கம்பி, அதை இழுத்தாத்தான் நிக்கும். கேட்டதுக்கு “பழைய பென்ஸ் டீசல் எல்லாம் உப்பிடித்தான் அண்ணை, உங்களுக்குத் தெரியாததே” எண்டான். அந்த “உங்களுக்குத் தெரியாததே” எத்தினை தரம் அவன்ரை வாயால வந்தது! பழைய டீசல்களில இழுத்து நிப்பாட்டிற கம்பி இருந்தது உண்மைதான், அதால நானும் தலையாட்டினன். பொய்யை உண்மைக்குப் பக்கத்தில வைச்சு விக்கிறாங்கள்.

காரின்ரை பதிவுப் புத்தகம் எண்டு காட்டினது போட்டோக் கொப்பி. மூலப்பிரதி முந்தின சொந்தக்காரரிட்டைக் கொழும்பில இருக்கு, கிழமைக்குள்ள வரும் எண்டான். வந்தது. எரிபொருள் எண்ட இடத்தில பெற்றோல் எண்டு கிடக்கு. கொப்பியில அந்த இடம் மை ஊறினமாதிரிக் கறுத்துப்போய் இருந்தது. ஊறவைச்சவன் ஆரெண்டு நான் சொல்லவேண்டியதில்லை.

கொக்குவில் பக்கம் பழைய பென்ஸ் திருத்திற ஒரு ஐயா இருக்கிறார், அவரிட்டைக் கொண்டு போனன். அவர் எஞ்சினைப் பாக்கவே இல்லை. பொனற்றைத் திறந்து, கார் உடம்பில அடிச்சிருக்கிற செசி நம்பரைத் துடைச்சு வாசிச்சார். “தம்பி, 123க்குப் பிறகு என்ன கிடக்கு?” 020. “240 டி எண்டால் 123 கிடக்கவேணும். 123123. இது 123020. இது 200, பெற்றோல் கார். ஆரோ உடைஞ்ச டீசல் பென்ஸ் ஒண்டிலை இருந்து எஞ்சினைத் தூக்கி இதுக்குள்ள இறக்கியிருக்கிறான்.” எஞ்சின் நம்பர் 616இல தொடங்குது, அது 240 டியின்ரை எஞ்சின்தானாம். ஆனாப் புத்தகத்தில உள்ள நம்பர் வேறை. எஞ்சின் மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சு புத்தகத்தைத் திருத்தவேணும். ஒருத்தரும் திருத்தேல்லை. அந்த எஞ்சின் எங்கையிருந்து வந்ததெண்டு காட்ட ஒரு துண்டுகூட இல்லை. டிக்கியில ஒட்டியிருக்கிற 240 டி எழுத்து எந்தக் கடையிலையும் வாங்கலாம்.

கம்பிக் கதையும் அங்கைதான் வெளிச்சது. இந்த எஞ்சின் நிக்கிறது வக்கூமில, காத்து உறிஞ்சிற இழுவையில. திறப்பைத் திருப்ப வக்கூம் இழுத்து டீசலை மறிக்கும், உடனை நிக்கும். அது பழுதானா அமத்தி நிப்பாட்ட எஞ்சினிலையே ஒரு லிவர் இருக்கு. பெற்றோல் காருக்குள்ள இறக்கினவன் வக்கூம் குழாய் ஒண்டையும் பொருத்தேல்லை, சைக்கிள் பிறேக் கம்பியால கட்டி விட்டிருக்கிறான்.

பிறகு ஐயா ஜக் வைச்சார். ஜக் மேல போகுது, கார் போகேல்லை. ஜக் வைக்கிற இடம் நொருங்கி உள்ளுக்குப் போட்டுது. இந்த மாதிரிக்குத் துரு முதல் பிடிக்கிறது அங்கையும், முன் மட்காட்டிலையும், பற்றறித் தட்டுக்குக் கீழையும், டிக்கியில ஸ்பெயார் ரயர் கிடக்கிற குழியிலையும்தானாம். எங்கடை உப்புக் காத்து வேறை. கார்பெற்றை உரிச்சா, தளத்துக்குத் தார்ப் பீப்பாத் தகரத்தை வெட்டி றிவெற் அடிச்சு, மேல கறுப்புப் பூசியிருக்கு. காலை வைச்சு அமத்த நெளியுது. மாமியை இருத்தினது அதுக்கு மேலதான்.

இனி அவன்ரை பதில்கள். முதல் தரம், “அண்ணை மீற்றிங்கில நிக்கிறன், எடுக்கிறன்.” எடுக்கேல்லை. பிறகு, “எனக்கும் உப்பிடித்தான் தந்தவங்கள், நான் என்ன செய்ய?” பிறகு, “பழைய கார் எண்டாப் பழுது இருக்கும்தானே அண்ணை, உங்களுக்குத் தெரியாததே.” பிறகு அவன்ரை மனிசி எடுத்து அவர் கொழும்புக்குப் போட்டார் எண்டா, பின்னுக்கு அவன்ரை குரல் கேக்குது. நேரை போனா ஒரு கடுதாசியை எடுத்து நீட்டுறான். கார் இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன் எண்டு நான் கையெழுத்து வைச்சதாம். காசு குடுத்த அண்டு “பற்றுச்சீட்டுக்கு ஒரு கையெழுத்து” எண்டு வாங்கினது அது. இப்ப என்ரை நம்பரைத் தடுத்து வைச்சிருக்கிறான். ஆனா அந்தத் தளத்தில புதுசா ஒரு ஜாகுவார் போட்டிருக்கிறான், பச்சைச் சரியோடை!

தளத்துக்கு எழுதினா, நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுறம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை எண்டு ஒரு பதில். ஆள் எழுதினதோ இயந்திரம் எழுதினதோ தெரியேல்லை. அப்ப அந்தப் பச்சைச் சரி என்னத்துக்கு? முறைப்பாடு பதியப் போன இடத்தில “இது காசுப் பிரச்சினை, வழக்குப் போடுங்கோ” எண்டினம். மாற்றப் படிவத்தில கையெழுத்து வைச்சிருக்கிற முந்தின சொந்தக்காரரோ உயிரோடை இல்லை. பெடியன் தன்ரை பேருக்கு எடுக்காமலே, வாங்கிறவன்ரை பேர் நிரப்பாத படிவத்தில, ஓப்பின் பேப்பர் எண்டுவினம், எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். செத்த ஆளின்ரை பேரில ஒரு பெற்றோல் கார், அதுக்குள்ள ஆரின்ரையோ டீசல் எஞ்சின், 31 இலட்சம்.

சொன்னமாதிரி விபரமா எழுத நினைச்சன். கை நடுங்குது, சட்டத்தரணியும் பாத்துக்கொண்டிருக்கிறார். கெதியாச் சொல்லுறன். மூலப் புத்தகத்தைக் கையில வாங்காமக் காசு குடுக்காதேங்கோ. புத்தகத்தில பேர் உள்ள ஆளை உயிரோடை கண்ணால பாருங்கோ. செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே வாசிச்சுப் புத்தகத்தோடை ஒப்பிடுங்கோ. இந்த டபிள்யூ123 பென்ஸ் எண்டால் செசி நம்பரில 123க்குப் பிறகு வாற மூண்டு இலக்கம்: 020 எண்டால் 200 பெற்றோல், 120 எண்டால் 200 டி, 123 எண்டால் 240 டி, 130 எண்டால் 300 டி. பகலில பாருங்கோ, கார்பெற்றைத் தூக்குங்கோ, ஜக் வைச்சுப் பாருங்கோ. எந்தக் கடுதாசியையும் வாசிக்காமக் கையெழுத்து வையாதேங்கோ. காசு தராமக் கொண்டுபோங்கோ எண்டு ஆரும் திறப்பை நீட்டினா வாங்காதேங்கோ.

அந்த ஜாகுவாரைப் பாக்கப் போற ஆரும் இதை வாசிச்சா, போகமுதல் எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ. இடத்தைச் சொல்லுறன்.