கத்தரிக்கு ஜீவாமிர்தமா, எருவில் பெருக்கிய நுண்ணுயிரா?

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் வேலூர் முள்ளுக்கத்தரி, அரை ஏக்கர். போன பட்டத்தில் சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் கலந்து ஊறவைக்கும் ஜீவாமிர்தக் கரைசலை ஊற்றினேன். இந்தப் பட்டத்தில் தொழுவுரத்தில் பெருக்கிய ட்ரைக்கோடெர்மா விரிடி, அதாவது நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் ஒரு நல்ல பூஞ்சை. இனி எனக்கு இரண்டாவதுதான்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. காய்ப்புழுவை இரண்டுமே தடுக்காது. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறியும், வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும்தான்.

என்னை மாற்றியது பராமரிப்பு. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை. என் நிலத்துக்கு ஒவ்வொரு தடவையும் 5 கிலோ பசுஞ்சாணம், 5 லிட்டர் கோமியம், ஒரு கிலோ வெல்லம், ஒரு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. இரண்டு நாள் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். கத்தரி ஐந்து மாதம் நிற்கும் பயிர், ஆக பத்துத் தடவை. மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளவும் முடியாது. காய் பறிப்பு தொடங்கியதும் சந்தைக்கு ஓடவே நேரம் சரியாக இருந்தது. மூன்று தடவை விட்டுப்போனது. சொட்டுநீரில் விட்டால், துணியில் வடிகட்டியும் முனைகள் அடைத்தன.

எரு வேலையோ நடவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. 100 கிலோ மட்கிய தொழுவுரத்தில் ஒரு கிலோ ட்ரைக்கோடெர்மா கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடினேன். 15 நாளில் பச்சை பூத்திருந்தது. புதுச்சாணி கூடாது, சூடு கிளம்பிவிடும். நடவன்று அசோஸ்பைரில்லம் என்ற, தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரத்தின் கரைசலில் நாற்றின் வேரை நனைத்தேன், அவ்வளவுதான். போன தடவை முதல் மாதத்திலேயே தூர் அழுகிச் சாய்ந்த செடிகள் நிறைய. இந்த முறை விரல்விட்டு எண்ணலாம். மழையும் குறைவுதான், அதனால் முழுப் பெருமையும் எருவுக்கே என்று சொல்ல மாட்டேன். பாக்டீரியா வாடலுக்கு ட்ரைக்கோடெர்மாவை நம்பியிருக்க வேண்டாம்; அதன் பலம் பூஞ்சை நோய்களிடம்தான்.

பாக்கெட்டில் இருப்பது உயிர். வெயிலில் கிடந்ததையும் தேதி முடிந்ததையும் வாங்காதீர்கள். ஒருமுறை அப்படி வாங்கி, சாக்கைத் திறந்தால் எரு வைத்தபடியே கிடந்தது.

மாடும் ஆளும் வீட்டிலேயே இருந்தால் கணக்கு வேறு. பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்குக் கட்டுத்தறி பாத்தியை ஒட்டியே இருக்கிறது. ஒரு தடவையும் தவறாமல் ஜீவாமிர்தம் ஊற்றுகிறார், ஆறாம் மாதத்திலும் அவர் செடி பூக்கிறது. என் செடி நாலாம் மாதம் வெளுத்தது. தூருக்கு ஒரு கை மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் வைத்துத்தான் தேற்றினேன்.