தனியார் துப்பறியும் சேவை: பெயர்ப்பலகையை விட்டு அறிக்கையைப் பாருங்கள்

துப்பறியும் நிறுவனம், புலனாய்வு மையம், டிடெக்டிவ் ஏஜென்சி, ரகசிய விசாரணைக் குழு என்று பலகைகள் பலவிதம். உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். ‘புலனாய்வு’ என்று போட்டுக்கொள்வதால் போலீஸ் அதிகாரம் வந்துவிடாது. வீட்டைச் சோதனையிடவோ, ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கவோ இவர்களால் முடியாது. பொது இடத்தில் கவனிப்பது, பொதுப் பதிவேடுகளில் தேடுவது, சொல்ல விரும்புகிறவர்களிடம் கேட்பது: காசு கொடுத்து வாங்கும் சரக்கு இவ்வளவுதான்.

அதிகம் விலைபோகும் வாசகம் ‘24 மணி நேரக் கண்காணிப்பு’. 1850-ல் அமெரிக்காவில் ஆலன் பிங்கர்டன் தொடங்கிய நிறுவனமே திறந்த கண் ஒன்றை வரைந்து, ‘நாங்கள் உறங்குவதில்லை’ என்று எழுதிக்கொண்டது. உறங்காமலிருக்க ஆள் பலம் வேண்டும். 8 மணி நேர ஷிப்ட் என்றால் நாளுக்கு 3. ஷிப்டுக்குக் குறைந்தது 2 பேர், 2 வண்டி. ஆக 6 பேர். சொல்லப்படும் கட்டணம் 6 பேரின் கூலிக்குக் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். ஒற்றை ஆளை அனுப்பினால் முதல் சிக்னலிலேயே பின்தொடர்தல் அறுந்துவிடலாம். இரண்டு வாசல் உள்ள கட்டடமென்றால் ஒரு வாசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரே முகம், ஒரே வண்டி மூன்று முறை தென்பட்டால் எதிராளி உஷாராகிவிடுவார். முழு நாளுக்குப் பணம் கட்டுவதைவிட, சந்தேகம் எழும் 4 அல்லது 5 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேரைக் கேட்பது மேல். பின்தொடர வேண்டியவரின் நேர்முகப் படத்தை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதாது. பக்கவாட்டில், பின்புறமிருந்து எடுத்த சமீபத்திய படங்கள், உயரம், நடை, வண்டி எண், வழக்கமான நேரங்கள் எல்லாம் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் ஆளை அடையாளம் காண்பது பெரும்பாலும் முதுகைப் பார்த்துத்தான்.

ஒப்பந்தத்துக்கு முன் பழைய அறிக்கை ஒன்றை, பெயர்களை அழித்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தரம் அங்கேதான் தெரியும். ‘சந்தேகப்படும்படி நடந்துகொண்டார்’, ‘நெருக்கமாகப் பழகினார்’ என்றிருந்தால் அது கண்ணால் கண்டதல்ல, எழுதியவரின் ஊகம். ‘மாலை 6.42: நீலச் சட்டை, பின்வாசல் வழியாக வெளியேறினார், கையில் கறுப்புப் பை’ என்பது கவனிப்பு. அதைவிட முக்கியம், ‘7.10 முதல் 7.35 வரை பார்வையில் இல்லை’ என்ற வரி. இடைவெளியே இல்லாமல் ஓடும் அறிக்கையை நம்ப வேண்டாம். விட்டுப்போன நேரத்தை யாரோ மேசையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கலாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள். சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கும். எடுத்த நேரம், கேமரா விவரம் போன்ற உள்தகவல்களும் போய்விடும். மூலக் கோப்புகளையே பென்டிரைவில் கேளுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்ததா என்றும் கேளுங்கள். பத்து நிமிடம் பிசகினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

பின்னணிச் சரிபார்ப்புதான் இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு நியாயமான பகுதி. படிப்பு, முந்தைய வேலை, பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் ஆவணத்தோடு ஒப்பிடக்கூடியவை. இதிலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு: விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கே போன் போட்டு ‘உறுதி செய்யப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள். அந்த எண்ணில் பேசுவது விண்ணப்பதாரரின் நண்பராகவும் இருக்கலாம். நிறுவனத்தின் எண்ணைத் தனியாகத் தேடி எடுத்தார்களா, யார் பதில் சொன்னார், எந்தத் தேதியில் என்று அறிக்கையில் இருக்க வேண்டும். ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் பெயர்க் குழப்பம்தான் பெரிய தொல்லை. பிறந்த தேதி, பழைய முகவரி என்று இரண்டாவது அடையாளமாவது பொருந்தாமல் ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்றால் ஏற்காதீர்கள்.

கால் ரெக்கார்டு, வங்கிக் கணக்கு விவரம், அடுத்தவர் போனில் உளவுச் செயலி போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும், இவற்றை அனுமதியின்றி எடுப்பது பெரும்பாலும் குற்றம், வாங்கியவரும் மாட்டுவார். ‘100 சதவீத வெற்றி’ என்பதும் அதே ரகம். எதுவும் தவறாக நடக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

உரிமம் கட்டாயமான நாடாக இருந்தால் எண்ணை வாங்கி, வழங்கிய அலுவலகத்தின் பட்டியலில் சரிபாருங்கள். களத்துக்குப் போவது அவர்களுடைய ஆளா, வெளியாளா என்பதையும் கேட்க வேண்டும். பேசுபவர் ஒருவர், நிற்பவர் வேறொருவர் என்பது சகஜம். மணிக் கட்டணம், பயணச் செலவின் உச்சவரம்பு, எத்தனை மணிக்கு ஒருமுறை தகவல், வேலை முடிந்தபின் படங்களை எப்போது அழிப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். முழுத் தொகையை முன்பணமாகத் தராதீர்கள்; கடைசித் தவணை, மூலக் கோப்புகள் கைக்கு வந்து திறந்து பார்த்த பிறகு.