நீலமாகிப் போன பச்சைச் சுவர்: திருவான்மியூரில் ஒரு செயற்கைச் செடி சர்வீஸ்

"பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன் சார், புதுசு மாதிரி ஆயிடும்." கடையிலிருந்து வந்த தம்பி இதைக் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். மொட்டை மாடியில் மாடிப்படி ஹெட்ரூமின் மேற்குச் சுவர். 3 மீட்டருக்கு 2 மீட்டர், அரை மீட்டர் பேனல் 24. போன வருஷம் அதே தம்பி மாட்டிய பிளாஸ்டிக் பச்சை இலைகள்தான். ஒரு கத்திரி வெயிலைக்கூட முழுசாகத் தாண்டவில்லை, சுவர் முழுக்க நீலம். வெளுக்கவில்லை, பழுக்கவில்லை. அப்பட்டமான நீலம், ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம்.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த எனக்கு விமான நிலையம், பேங்க் கேஒய்சி, கேஸ் புக் மாற்றம் எல்லாம் இந்த முறை சரியாகவே நடந்தன. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். எழுத வேண்டியது இந்தச் சுவரைப் பற்றித்தான். பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் இப்போது எல்லோரும் செயற்கைச் செடிக்குத் தாவுகிறார்கள். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி "நல்லதா போடச் சொல்லுங்க" என்று போனில் சொல்லிவிடுகிறோம். எது நல்லது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அந்த நீலம். பிளாஸ்டிக் இலையின் பச்சை பெரும்பாலும் மஞ்சள் நிறமியும் நீல நிறமியும் கலந்த பச்சை. நீலத்துக்குப் போடுவது தாலோசயனின். அது வெயிலுக்கு அசையாது. மஞ்சளில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். மலிவான மஞ்சள் புற ஊதாக் கதிரில் சீக்கிரம் செத்துப்போகும், நீலம் மட்டும் மிஞ்சும். இந்தச் சுவரிலேயே ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இன்னும் பச்சை. கேபிள் டை இறுக்கியிருந்த இடத்தில், அதன் அகலத்துக்குச் சரியாக ஒரு பச்சைக் கோடு. இலை நுனியை இரண்டு விரலால் மடக்கினால், மாடிக் கொடியில் வருஷக்கணக்கில் கிடந்த துணிக் கிளிப் மாதிரி பொடிந்து கையோடு வருகிறது. நிறம் மட்டும் போகவில்லை, பிளாஸ்டிக்கே செத்துவிட்டது.

இதன்மேல் பெயின்ட் அடிப்பதாவது! பாலிஎதிலீன் மெழுகு மாதிரியான பரப்பு; சாதாரண பெயின்ட் அதில் பிடிக்காது. முதல் ஐப்பசி மழையில் செதில் செதிலாக உரிந்து மாடித் தண்ணீர்க் குழாயை அடைக்கும். பிடித்தாலும், உள்ளே நொறுங்கிய இலைக்குப் பெயின்ட் உயிர் கொடுக்காது.

தம்பியைக் குறை சொல்ல முடியவில்லை. ஞாயிறு ராத்திரி ஒன்பதுக்குப் போன் செய்தால் திங்கள் காலை ஏழரைக்கு டிரில்லோடு வாசலில் நிற்கிறார். காசு பேச்சே எடுக்கவில்லை, காபி மட்டும் குடித்தார். ஷார்ஜாவில் இதே வேலைக்கு ஆள் வந்து பார்க்கவே கட்டணம், அதற்கு நான்கு நாள் கழித்து நேரம், வந்தவர் அளவெடுத்துவிட்டு "கொட்டேஷன் மெயிலில் வரும்" என்று போய்விடுவார். ஆனால் அந்த மெயிலோடு பொருளின் டெஸ்ட் ரிப்போர்ட்டும், எத்தனை வருஷம் நிறம் நிற்கும் என்று எழுத்தில் உத்தரவாதமும் வரும். இங்கே வந்தது, அட்டைப்பெட்டியில் ஒட்டிய "யுவி புரொடெக்டட்" ஸ்டிக்கர். பில்லில் "டெகரேஷன் ஐட்டம் - 72 சதுர அடி". 50 சென்டிமீட்டர் சதுர பேனல் ஒன்று 2.69 சதுர அடி. 24 பேனலுக்கு 64.6 வரும். பேனலுக்கு மூன்று என்று மொத்தமாகப் போட்டு 72 ஆக்கிவிட்டார்கள். பாரிமுனையிலிருந்து புறநகர் வரை இந்தக் கணக்குப் பழக்கம் உண்டு. பேனல் எண்ணிக்கையில் விலை பேசினால் இந்தப் பிரச்சினையே வராது.

யுவி (புற ஊதா) என்ற எழுத்து இரண்டு விதமான சரக்குக்கும் ஒட்டப்படுகிறது. ஒன்று, இலை வார்த்த பிறகு மேலே தெளித்த பூச்சு. சில மாதத்தில் மழையும் தூசியும் அதைத் தேய்த்துவிடும். வெட்டுமுனைக்கும் அடிப்பக்கத்துக்கும் பாதுகாப்பே இல்லை. இன்னொன்று, பிளாஸ்டிக் உருகும்போதே மாஸ்டர்பேட்ச் என்ற செறிவூட்டிய மணிகள் வழியாக, வெயில் சிதைவைத் தடுக்கும் நிலைப்படுத்தியைக் கலந்து வார்த்தது. வெளியில் வைக்க இது மட்டும்தான் தேறும். அதிலும் கேட்க வேண்டியது ஹால்ஸ் (HALS) என்ற நிலைப்படுத்தி வகை. புற ஊதாவை உறிஞ்சுகிற ரசாயனங்கள் தடிமனான பொருளில்தான் நன்றாக வேலை செய்யும். அரை மில்லிமீட்டர் கூட இல்லாத இலையில் உறிஞ்ச இடம் எங்கே? ஹால்ஸ் கதிரை உறிஞ்சுவதில்லை. கதிர் பட்டு உள்ளே கிளம்புகிற சிதைவை நடுவில் மறிக்கிறது, தானும் சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, நல்ல கடைக்காரர்களும் கவனிப்பதில்லை. ஹோட்டல், அப்பார்ட்மென்ட் என்றால் தீத்தடுப்புள்ள சரக்கு கேட்பார்கள். மலிவான புரோமின் வகைத் தீத்தடுப்பிலிருந்து வெயிலில் அமிலம் கிளம்பி ஹால்ஸை முடக்கிவிடும். "ரெண்டும் இருக்கு சார்" என்று சொன்னால் தனித்தனி ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போதும் என்று இருக்க வேண்டாம். இரண்டும் கலந்த அதே பொருளை வெயில் சோதனைக்கு வைத்த ரிப்போர்ட் கேளுங்கள். பக்கத்திலேயே நிஜ ரோஜாத் தொட்டி இருந்து அதற்குக் கந்தகத் தூள் தூவினாலும் இதே கதைதான்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஏ.எஸ்.டி.எம். ஜி154 என்றால் புற ஊதா விளக்குச் சோதனை, ஐ.எஸ்.ஓ. 4892-2 என்றால் சூரிய ஒளிக்கு இன்னும் நெருக்கமான செனான் விளக்கு. எத்தனை மணி நேரம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எந்த விளக்கு, எவ்வளவு கதிர்வீச்சு, நடுவில் ஈரம் காட்டினார்களா என்பது இல்லாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 1,000 மணி என்றால் இத்தனை வருஷம் என்று கணக்குப் போடுகிறவர் விற்கப் பார்க்கிறார். மணி நேரம் முடிந்ததும் நிறமாற்றம் சாம்பல் அளவுகோலில் எத்தனை என்று பாருங்கள்: 5 என்றால் மாற்றமே இல்லை, 4 வரை ஏற்கலாம், 3 என்றால் கண்ணுக்கே தெரியும். துணிப் பூக்கள் என்றால் நீலக் கம்பளி அளவுகோல், 1 முதல் 8 வரை. வெளியில் 7-க்குக் கீழே வாங்கவே வேண்டாம். சிவப்பு, ஊதா, ஆரஞ்சு பூக்கள் எப்படியும் முதலில் போகும். பூவே இல்லாத கரும்பச்சைதான் நம் ஊர் வெயிலுக்கு.

ரிப்போர்ட் இல்லையா? கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். இலையில் நகம் அளவு வெட்டிப் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அமுக்கிவிடுங்கள். பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். பிவிசியும் பாலியெஸ்டர் துணியும் மூழ்கும். சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்ட மலிவு பாலிஎதிலீனும் மூழ்கலாம். எதுவானாலும் இலை மூழ்கினால் வேண்டாம். பிவிசி சூட்டில் பழுக்கும், அதில் கலந்த எண்ணெய் மேலே கசிந்து பிசுபிசுக்கும், சென்னைத் தூசி மொத்தமும் அதில் உட்காரும். அடுத்து இலையை முழுசாக மடக்கி நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் நிரப்புத் தூள் அதிகமாக இருக்கலாம். வெட்டுமுனையில் உள்ளே வரை ஒரே பச்சையா என்றும் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பச்சை ஒட்டினால் அது மேல்சாயம்.

பேனலின் பின்பக்க வலையை யாரும் பார்ப்பதில்லை. இலை நன்றாக இருந்து வலை நொறுங்கினாலும் அத்தனையும் குப்பைதான். நல்ல கறுப்பு வலை வாங்குங்கள். கார்பன் பிளாக் தானே ஒரு நல்ல யுவி காப்பு. மங்கல் சாம்பல் அல்லது அழுக்குப் பச்சை வலை பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கியது.

அவசரமில்லை என்றால் ஒரே ஒரு பேனல் வாங்கி, பாதியை அலுமினிய ஃபாயிலால் சுற்றி, ஏப்ரல் மே மாதத்தில் ஆறு வாரம் மொட்டை மாடியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் கடை வேண்டாம். லீவில் வந்து ஒரு வாரத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது கசக்கும்.

துபாய்ப் பழக்கத்தில் ஒரு தப்புக் கணக்கு வரும். அங்கே வடக்குச் சுவர் என்றால் பெரும்பாலும் பத்திரம். 25 டிகிரி வடக்கில் இருக்கிற ஊரில் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான். சென்னை 13 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுவரை நடுப்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அதாவது வருஷத்தின் மோசமான வெயில் வடக்குச் சுவரிலும் விழும். மார்ச் முதல் பல மாதம் யுவி குறியீட்டு எண் 11-ஐத் தொடுகிற ஊர் இது. மேற்கில் போடுவதற்கு என்ன சரக்கோ, வடக்குக்கும் அதே சரக்குதான். எதிர் அப்பார்ட்மென்டில் கண்ணாடி முகப்பு இருந்தால் இன்னும் கவனம். திருப்பி அடிக்கிற வெளிச்சம் ஒரே இடத்தில் குவிந்து இலையை உருக்கிவிடும். ஏசி அவுட்டோர் யூனிட்டை மறைக்கிறேன் என்று அதன் காற்று வாயில் பேனல் கட்டுவதும் இதே வகைதான். இலையும் போகும், ஏசியும் திணறும்.

மாட்டுகிற கலையில் நம் ஆட்களுக்கு ஈடில்லை. கயிறு கட்டித் தொங்கிக்கொண்டே மட்டம் பார்க்கிறார்கள். ஆனால் சுவரோடு ஒட்ட இறுக்கி அடிக்கிறார்கள். பாலிஎதிலீன் சூட்டில் நன்றாக விரியும். ஒரு மீட்டருக்கு, காலைக்கும் மதியத்துக்கும் நடுவில், 4 அல்லது 5 மில்லிமீட்டர். பேனலை நெருக்கிப் பூட்டினால் மதியம் இரண்டு மணிக்குச் சுவர் தொப்பை போடும். பேனலுக்குப் பேனல் சின்ன இடைவெளி வேண்டும், இலை மறைத்துவிடும். சுவரில் 25 மில்லிமீட்டர் அலுமினிய பாக்ஸ் பைப் சட்டம், அதன்மேல் பேனல். அந்த இடைவெளியில் காற்று போகும், மழைத் தண்ணீர் இறங்கும், சுவர் பாசி பிடிக்காது.

கட்டுவதற்கு வெள்ளை நைலான் டை வேண்டவே வேண்டாம், ஒரு வெயிலில் பட்டென்று தெறிக்கும். யுவி ரகக் கறுப்பு நைலான் 6.6 அல்லது ஸ்டெயின்லெஸ் டை. அரை மீட்டர் பேனலுக்குக் கடைக்காரர்கள் நாலு மூலையோடு விடுவார்கள். கடற்கரை ஊரில் ஒன்பது போடுங்கள். வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால் முதலில் பறப்பது இதுதான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 ரகம் வேண்டும், 304 ரகம் கூடப் பழுப்பேறும். சாதா ஸ்க்ரூ என்றால் வெள்ளைச் சுவரில் துருக் கோடு இறங்கும். செடித் தண்டுக்குள் இருக்கிற கம்பியும் இதே வேலை செய்யும், அதனால் கம்பி நுனி பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டியில் நிற்கிற செயற்கைப் பனை, மூங்கில் எல்லாம் தொட்டிக்குள் கான்கிரீட் ஊற்றி, ஓட்டை அடைபடாமல், மேலே கூழாங்கல் நிரப்பி வைக்க வேண்டும். ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டி என்றால் கொசு வளர்ப்புதான். கார்ப்பரேஷன் ஆட்கள் வந்தால் அபராதமும் உண்டு.

கழுவ, காலையில் சாதா குழாய்த் தண்ணீர், ரெண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கிற லிக்விட். பிரஷர் வாஷர் இலையை வலையிலிருந்து பிடுங்கிவிடும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அதையும் நிறம் போய்விட்டதாக நினைத்துப் பயப்படுவார்கள். மெட்ரோ தண்ணீரில் கடைசி அலசல் போதும். பிளீச்சிங், தின்னர் பக்கமே போக வேண்டாம்.

கடைக்குப் போய்ப் பேசியதில், முதலாளி முதலில் "எங்க வெயில் அப்படி சார்" என்றார். பிறகு பழைய பேனலுக்குப் பாதிக் காசு கழித்துக்கொள்கிறேன் என்றார். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் அந்தப் பாதியும் இல்லை. புது ஆர்டருக்கு பில்லில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்: பாலிஎதிலீன் இலை, உள்கலந்த யுவி, பேனல் எண்ணிக்கை, பொருள் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு 6702, நிறம் எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு. "இப்படி யாரும் கேட்டதில்லையே அண்ணே" என்று சிரித்தார். தகராறு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது என்று சொல்ல வேண்டியும் வரவில்லை. சப்ளையரிடம் ரிப்போர்ட் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை அட்வான்ஸ் கிடையாது. வந்தாலும் முதலில் ஒரு பேனல்தான், ஃபாயில் சுற்றி.